நான்கு அரிசிமணிகள்

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. முதல் அத்தியாயத்தில் கதாநாயகனை ஒரு தவறு செய்ய விட்டு, முப்பதாவது அத்தியாயத்தில் அதன் பலனை அனுபவிக்க வைக்கலாம். வாசகர் மறந்திருக்க மாட்டார். வாழ்க்கையில் அப்படி இல்லை. பலன் வந்து சேருகிறபோது காரணம் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. நான் சொல்லப் போவது அத்தகைய ஒரு கதை.

நம் கழுத்தில் தைராய்டு சுரப்பிக்குப் பின்னால், அரிசிமணி போன்ற சின்னஞ்சிறு சுரப்பிகள், சாதாரணமாக நான்கு, ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பாராதைராய்டு என்று பெயர். இவற்றை முதலில் பார்த்தவர் ரிச்சர்டு ஓவன் என்ற ஆங்கிலேய அறிஞர். பார்த்தது மனிதக் கழுத்தில் அல்ல. 1849ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் இறந்துபோன நம் இந்தியக் காண்டாமிருகத்தின் கழுத்தில்! மனிதனிடம் இருப்பதை 1880ல் வெளியிட்டவர் ஐவர் சாண்ட்ஸ்ட்ரம் என்ற ஸ்வீடன் தேசத்து வைத்திய மாணவர். உலகம் அப்போது அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறையாமல் காப்பது இந்தச் சுரப்பிகளின் வேலை. அளவோடு சுரந்தால் சுகம். அதிகமாகச் சுரந்தாலோ, எலும்பில் இருக்கும் சத்து உருகி ரத்தத்துக்கு வந்துவிடும். எலும்பு பலவீனமாகும், சிறுநீரகத்தில் கல் உண்டாகும், காரணமில்லாத அசதியும் மனச்சோர்வும் பிடித்துக்கொள்ளும்.

இனி முதல் அத்தியாயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் ஒரு காலத்தில், குழந்தைகளுக்குத் தொண்டைச் சதை வீங்கினால் கத்தி வைக்காமல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சிச் சுருங்கச் செய்தார்கள். நாம் படம் எடுத்துக்கொள்கிற எக்ஸ்ரே போலன்றி, இதன் அளவு எத்தனையோ மடங்கு அதிகம். ரத்தமில்லை, வலியில்லை. எந்தத் தாய்தான் வேண்டாமென்பாள்? சிக்காகோவில் மைக்கேல் ரீஸ் என்ற ஆஸ்பத்திரியில் மட்டும் 1939 முதல் 1962 வரை சுமார் 5000 பேருக்கு இந்தச் சிகிச்சை நடந்தது.

இத்தனைக்கும் 1950லேயே டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற இரு டாக்டர்கள், தைராய்டில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் பலர் சிசுப் பருவத்தில் கழுத்தருகே கதிர்ச் சிகிச்சை பெற்றவர்கள் என்று எழுதியிருந்தார்கள். எழுதிய பிறகும் பன்னிரண்டு வருஷம் அந்தச் சிக்காகோ யந்திரம் ஓடியது! நல்லெண்ணத்தோடு செய்கிற காரியத்தை நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த ஆஸ்பத்திரி 1974ல் பழைய பதிவேடுகளைப் புரட்டி, வளர்ந்து குடும்பஸ்தர்களாகிவிட்ட அந்தக் குழந்தைகளைத் தேடிப் பிடித்துச் சோதிக்க ஆரம்பித்தது. தைராய்டில் கட்டி இருந்தால் விரலுக்குத் தட்டுப்படும். பாராதைராய்டு அப்படி எளிதில் அகப்படுவதில்லை. ரத்தத்தில் சுண்ணாம்பை அளந்தபோதுதான் அதன் கோளாறு தெரிந்தது. கதிரின் அளவு ஏற ஏற, நோயும் ஏறியிருந்தது. பெரும்பாலும் முப்பது, நாற்பது வருஷம் கழித்து!

கடலுக்கு அப்பாலும் இதே கணக்குத்தான். 1945ல் ஹிரோஷிமாவில் குண்டுக்குத் தப்பியவர்களில் சுமார் 4000 பேரை, நாற்பது வருஷங்களுக்குப் பிறகு சோதித்தார்கள். அங்கேயும் அளவு ஏற நோய் ஏறியிருந்தது. சின்ன வயதில் கதிர் பட்டவர்களிடம் அதிகமாகவே. ஒன்று பகைவன் போட்ட குண்டு. மற்றொன்று டாக்டர் காட்டிய கருணை. அரிசிமணிக்கு அந்தப் பேதம் தெரியவில்லை.

பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நோய் வந்தவர்கள் கதிர் பட்டவர்களில் ஒரு சிறு பகுதிதான். வந்தாலும் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. வீங்கிய சுரப்பியை எடுத்துவிட்டால் குணமாகும். 1925லேயே வியன்னாவில் ஃபெலிக்ஸ் மாண்டல் என்ற டாக்டர், ஒரு டிராம் வண்டி ஊழியருக்கு அப்படிச் செய்து அவரை மறுபடி நடக்க வைத்தார்.

ஆனால் முதலில் நோய் இன்னதென்று தெரிய வேண்டுமே! கல்லுக்கு ஒரு டாக்டர், எலும்புக்கு ஒரு டாக்டர், மனச்சோர்வுக்கு ஒரு டாக்டர் என்று அலைகிறவரிடம், "சின்ன வயதில் கழுத்துக்குக் கதிர்ச் சிகிச்சை செய்தார்களா?" என்று ஒருவர் கேட்டால் பாதி வழி கடந்த மாதிரி. பதில் சொல்லத்தான் ஆள் வேண்டும். மூன்று வயதில் நடந்தது அவருக்கு நினைவிராது. தெரிந்தவள் தாய், அவளும் போயிருப்பாள்.

ஆகையால், வீட்டில் குழந்தைக்கு எந்தச் சிகிச்சை நடந்தாலும் தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். முப்பதாவது அத்தியாயத்தைப் படிக்கிற டாக்டருக்கு முதல் அத்தியாயம் வேண்டியிருக்கும்.