வாடல்

வாடு என்னும் வினையோடு ‘அல்’ சேர்ந்த தொழிற்பெயர் வாடல். நீரின்றித் துவள்வது வாடுதல். துவள வைப்பது வாட்டுதல்.  

வேளாண்மையில் வாடல் ஒரு நோயின் பெயர். தக்காளி, கத்தரியில் வரும் பாக்டீரியா வாடலுக்குக் காரணம் ரால்ஸ்டோனியா சொலனேசியாரம். 1896இல் எர்வின் ஸ்மித் விவரித்த கிருமி. வேர்க்காயம் வழியே நுழைந்து, நீர் ஏறும் குழாய்களில் பெருகி, கோழையால் அடைத்துவிடும். மண்ணில் ஈரம் இருந்தும் செடி தாகத்தில் சாகிறது. இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே தொங்கும். வெயிலில் துவண்ட செடி மாலையில் நிமிரும். நோய்ச் செடியும் முதல் ஓரிரு நாள் இரவில் நிமிர்வதுண்டு, அதுதான் ஏமாற்றும். ஐயமிருந்தால் அடித்தண்டை நறுக்கிக் கண்ணாடித் தம்ளர் நீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து வெண்ணிறக் கசிவு நூலாக இறங்கினால் பாக்டீரியாதான். பூசண வாடலில் இந்த நூல் வராது. பெரும்பாலும் அடியிலை முதலில் மஞ்சளாகும்.

பாக்டீரியா வாடலுக்குப் பூசணக்கொல்லி வாங்கி ஊற்றுவது காசுக்குக் கேடு. நோய்ச் செடியை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். அந்தப் பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகக்கூடாது. அடுத்த போகம் மிளகாயும் உருளையும் வேண்டாம். நெல்லோ மக்காச்சோளமோ போடலாம். சுண்டை வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரி இந்த நோயை நன்றாகவே தாங்குகிறது.