ரத்து என்ற சொல்



ஒரு சட்டத்தை இல்லாமலாக்குவதற்கு நம் பேச்சில் உள்ள சொல் 'ரத்து'. அரபியிலிருந்து உருது வழியாகக் கச்சேரித் தமிழுக்கு வந்தது. திருப்பிவிடுதல், ஏற்க மறுத்தல் என்று பொருள். சட்டத் தமிழ் 'நீக்கறவு' என்கிறது. ஆங்கிலத்தின் 'ரிப்பீல்' பழைய பிரெஞ்சில் திரும்ப அழைத்தல். நாம் யோசிக்க வேண்டியது லத்தீனின் 'அப்ரொகாரே'. அதற்குள் இருக்கும் 'ரொகாரே' என்றால் கேட்பது. ரோமில் அதிகாரி தன் சட்ட முன்வரைவை மக்கள் அவைமுன் கேள்வியாகவே வைத்தார். கேட்டு வந்ததைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்த 'மக்களில்' அடிமைகளும் பெண்களும் கிடையாது என்பது வேறு விஷயம். வேறு விஷயம்தானா?

1871-இன் குற்றப்பரம்பரைச் சட்டம் யாரையும் கேட்டு வரவில்லை. 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. குறவர், கள்ளர் எனப் பல சமூகங்கள் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கப்பட்டன. கைரேகை, ராத்திரிச் சீட்டு, காவல்நிலையத் திண்ணையில் உறக்கம். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று சுடப்பட்டார்கள். அப்பட்டியலில் இருந்த சில சாதிகள் நம் சேரிகளை எப்படி நடத்தின, நடத்துகின்றன என்பதை நாம் மறக்கவில்லை. ஆனாலும் பிறப்பைக் குற்றமாக்கும் சட்டம் எவர்மீது பாய்ந்தாலும் அதன் வேர் வருணத்தில்தான் இருக்கிறது. அதனால் அது நம் வழக்கும்தான்.

சென்னை மாகாணம் 1947-இல் அதை நீக்கியது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31-இல் நீங்கியது. ஆனால் 1948-லேயே வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இங்கே வந்துவிட்டது. சமூகம் என்ற இடத்தில் தனிநபர் என்று எழுதினார்கள்; காவலரின் கண் பழைய தெருவையே பார்த்தது.

இதில் சட்டத்தின் உள்வேலையையும் பார்க்க வேண்டும். 1897-இன் பொதுப் பிரிவுகள் சட்டம், 6-ஆம் பிரிவின்படி, வேறு நோக்கம் தெரியாதவரை, நீக்கறவு பழைய சட்டம் ஏற்கெனவே செய்ததைத் தொடாது. அதன்கீழ் விதித்த தண்டனையும் நிற்கும். அதாவது நீக்கறவு இனி நடக்கப்போவதற்குத்தான். திண்ணையில் கழிந்த இரவுகளுக்கு அதில் பதில் இல்லை.

அம்மக்களின் பெயரைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அவர்கள் 'டீநோட்டிஃபைட்', அறிவிக்கையிலிருந்து நீக்கப்பட்டவர்கள். பட்டியலிலிருந்து எடுத்த பிறகும் பட்டியலைச் சொல்லியே அழைக்கிறோம். தமிழின் 'சீர்மரபினர்' என்பதிலும் யாரோ சீராக்கினார்கள் என்ற தொனி ஒட்டியிருக்கிறது.

சிறைக் கையேடுகளில் இந்தச் சமூகங்களைக் குற்றப் பழக்கத்தோடு சேர்த்துச் சொல்லும் விதிகள் அதற்குப் பிறகும் கிடந்தன. சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளும் கூடவே. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் அவை அரசமைப்புக்கு முரணானவை என்று சொன்னது 2024 அக்டோபர் 3 அன்று. 1952-இலிருந்து எண்ணினால் எழுபத்திரண்டு ஆண்டுகள்.