மாம்பலம் ஏரியில் மூன்று படுக்கையறை வீடு

தி.நகரில் மூன்று படுக்கையறை ஃபிளாட் ஒன்று விற்பனைக்கு வந்தால் புரோக்கர் முதலில் சொல்வது சதுர அடிக் கணக்கு. விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பது, “யூ.டி.எஸ். எவ்வளவு?” என்பதுதான். கட்டடம் நிற்கும் மனையில் அந்த வீட்டுக்கு உரிய பிரிபடாத பாகம் அது. கட்டடம் பழசாகப் பழசாக மதிப்பு இறங்கும், மனைக்கு ஏறும். அந்த மனைக்கு நூறு வயதுதான் ஆகிறது. அதற்கு முன் அங்கே தண்ணீர் நின்றது.

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரியை வெள்ளைக்காரர்கள் ‘லாங் டேங்க்’ என்றார்கள். நீதிக்கட்சி ஆட்சியில், 1920-களில், அதன் மாம்பலம் பகுதியை வடியவிட்டு மனை பிரித்தார்கள். புது நகருக்குக் கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயர் பெயர். நடுவில் அமைந்த பூங்காவுக்குச் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த பனகல் அரசர் பெயர். உஸ்மான் சாலை, ஜி.என். செட்டி சாலை என்று அக்காலத்துப் பெரிய மனிதர்களின் பெயர்கள் தெருக்களுக்குப் போயின.

அந்த மனைகளில் எழுந்தவை தனி வீடுகள். முன்புறம் போர்ட்டிகோ, பின்புறம் கிணறு, சுற்றிலும் மா, தென்னை. திருமலைப் பிள்ளை சாலையில் காமராஜர் வாடகைக்குக் குடியிருந்த வீடு இன்று நினைவில்லமாக நிற்பதால் அந்தக் கால வீட்டின் அமைப்பை இப்போதும் பார்க்க முடிகிறது.

கட்டியவர் காலம் முடிந்து பிள்ளைகள் பாகம் பிரிக்கும் காலம் வந்தபோது தனி வீடுகளுக்குச் சிக்கல் வந்தது. ஒரு வீட்டை நான்காக வெட்ட முடியாது. வெளியே விற்கவும் மனம் வராது. வழி காட்டியது ‘ஜாயின்ட் வென்ச்சர்’. மனையை உரிமையாளர் தருவார், பில்டர் தன் செலவில் கட்டுவார், ஃபிளாட்டுகளை இருவரும் பேசிய விகிதத்தில் பகிர்ந்துகொள்வார்கள். அண்ணன் முதல் மாடி, தங்கை இரண்டாம் மாடி. பில்டர் பங்குக்கு வந்தவற்றை வெளியார் வாங்கினார்கள். 1980-களிலும் 90-களிலும் தி.நகரின் உட்தெருக்கள் இப்படித்தான் உருமாறின.

அக்காலத்து ஃபிளாட் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘ஏ’ ஷெட்யூலில் முழு மனையின் அளவும் நான்கு எல்லைகளும் இருக்கும். ‘பி’ ஷெட்யூலில் வாங்குபவரின் பிரிபடாத பாகம். பெரும்பாலும் அந்தப் பாகத்துக்கு மட்டுமே கிரயப் பத்திரம் போட்டார்கள். வீட்டைக் கட்டித் தருவதற்குத் தனியாக ஒரு ஒப்பந்தம். 2023 டிசம்பரிலிருந்துதான் புது ஃபிளாட்டின் மனைப் பாகத்தையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே பத்திரமாகப் பதியும் முறை வந்தது.

கணக்கு எளிது. இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனை என்று வைத்துக்கொள்வோம். தளப்பரப்புக் குறியீடு (எப்.எஸ்.ஐ.) ஒன்றரையாக இருந்தபோது தோராயமாக 7,200 சதுர அடி கட்டலாம்: 1,200 சதுர அடியில் ஆறு வீடு, வீட்டுக்கு 800 சதுர அடி பாகம். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் குறியீட்டை இரண்டாக்கின. அதே மனையில் இப்போது 9,600 சதுர அடி, எட்டு வீடு. பழைய ஆறு குடும்பங்களும் புது வீடு பெற்ற பின் மிஞ்சும் இரண்டு வீட்டில்தான் பில்டரின் செலவும் லாபமும் அடங்க வேண்டும். பணம் கட்டி வாங்கும் பிரீமியம் எப்.எஸ்.ஐ. கிடைக்கும் அகலமான சாலையானால் கணக்குத் தாராளமாக இடம் கொடுக்கும். ஆனால் எட்டு வீடு என்றாலே வீட்டுக்குரிய மண் 800-லிருந்து 600 சதுர அடியாகச் சுருங்கிவிடும். விளம்பரத்தில் வராத எண் இதுதான்.

முன்பெல்லாம் ஆறு பேரில் ஒருவர் மறுத்தாலும் இடித்துக் கட்டும் பேச்சு நின்றுவிடும். 2024-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் போதும் என்கிறது. கம்பி துருத்தி நிற்கும் கட்டடங்களுக்கு இது பெரிய நிவாரணம். கட்டி முடியும்வரை வாடகை வீட்டுக்குப் போக வேண்டிய எழுபது, எண்பது வயதுப் பெரியவர்களுக்கோ இது பெரும் கவலை. அவர்களுடைய இடைக்கால வாடகையையும் வீடு ஒப்படைக்கும் தேதியையும் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதி வாங்குவது வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கடமை.

தண்ணீரும் ஏரியை மறக்கவில்லை. 2021 நவம்பர் மழையில் தி.நகர்த் தெருக்கள் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தன. பகுதியின் மழைநீரை அடையாற்றுக்குக் கொண்டுபோகும் மாம்பலம் கால்வாய் எவ்வளவு தொலைவில், எந்த மட்டத்தில் ஓடுகிறது என்று பார்க்காமல் இங்கே தரைத்தள வீடு வாங்கக் கூடாது.

பாண்டி பஜாருக்கு 2019-இல் அகன்ற நடைபாதை வந்தது. 2023-இல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் ஆகாய நடைபாதை இணைத்தது. பனகல் பூங்காவுக்கு அடியில் மெட்ரோ நிலையம் அமைகிறது. இவை அத்தனையும் கடைக்கு வருகிறவர்களுக்கு வசதி. கூடவே மனை விலையையும் ஏற்றுகின்றன. பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைகளும் மாலையில் பூங்காவுக்கு வரும் பெரியவர்களும் தி.நகரில் தொடர்ந்து இருக்க வேண்டுமானால், இடித்துக் கட்டும் மனைகளில் நடுத்தரக் குடும்பம் எட்டிப் பிடிக்கும் விலையிலும் மூன்று படுக்கையறை வீடுகள் எழ வேண்டும்.