கல்வியின் கிளைகள்



"மகன் கணினி படிக்கட்டும், வரலாறும் மொழியும் சோறு போடுமா?" என அவிநாசியில் பெற்றோர் பலர் நம்மிடம் கேட்கின்றனர். அவர்களின் சிந்தனைக்கு ஒரு வரலாற்றுச் சான்றைக் கூறுவோம்.

கரூரை அடுத்த புகலூரின் ஆறுநாட்டார் மலையில், சமணத் துறவிக்குச் சேர இளவரசன் அளித்த கல் இருப்பிடத்தில் தமிழ் பிராமி எழுத்துகள் உள்ளன. மூன்று தலைமுறைச் சேரரின் பெயர்களை அவை கூறுகின்றன. 1960களில் ஐராவதம் மகாதேவன் அவற்றைப் பதிற்றுப்பத்துச் சேரர் மரபோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். சங்க காலத்தைக் கணிக்கக் கல்லே சாட்சியாயிற்று.

அவரே பின்னர் சிந்துவெளி முத்திரைகளை ஆராய்ந்தார். குறிகளை 417 வகையாகப் பிரித்து, எக்குறி எதனருகே வருகிறது என்று கணினியின் உதவியால் அட்டவணையிட்டார். 1977இல் இந்தியத் தொல்லியல் துறை அதை நூலாக வெளியிட்டது. 2009இல் அவரும் கணித, கணினி அறிஞர்களும் இணைந்து, அக்குறிகளின் வரிசையில் மொழிக்குரிய ஒழுங்கு தென்படுவதாக ‘சயின்ஸ்’ இதழில் எழுதினர். அதை மறுப்போரும் உண்டு. அவ்வெழுத்து இன்றும் வாசிக்கப்படவில்லை.

கவனியுங்கள்! எண்ணியது இயந்திரம், எதை எண்ண வேண்டும் எனச் சொன்னவர் எழுத்தறிந்த மனிதர். ‘அல்காரிதம்’ என்ற சொல்லுக்கே தம் பெயரைத் தந்த 9ஆம் நூற்றாண்டு பக்தாத் அறிஞர் அல்குவாரிஸ்மியும் கணிதத்தோடு நின்றுவிடவில்லை. புவியியல் நூலும் எழுதினார்.

எனவே பெற்றோரே! பிள்ளை வரலாற்றை விரும்பினால் தடுக்காதீர்கள். கணினியை விரும்பினால், தன் மண்ணின் கல்வெட்டையும் ஒருமுறை காட்டுங்கள்.