உளுந்தஞ்சோறு

தொலி உளுந்தை அரிசியோடு ஒரே பானையில் வேகவைத்து இறக்கும் சோறு. தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் வீட்டுச் சமையல். உளுந்தம்பருப்புச் சோறு என்றும் பெயருண்டு. ஆரியங்காவுக் கணவாய்க்கு மேற்கே, கேரளப் பக்கம், கஞ்சியும் பயறும் தனித்தனியே வேகும். 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்தோடு இணைந்த செங்கோட்டை இருப்பதோ கணவாய்க்குக் கிழக்கே, உளுந்தும் அரிசியும் கூடி வேகும் பக்கம்.

ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் உளுந்து போதும். இதில் பாதி வேலை வறுப்பதில்தான். உளுந்தில் கொழகொழப்பு அதிகம்; இட்லி மாவைப் பொங்க வைக்கும் அதே பசை வறுக்காமல் போட்டால் சோற்றைக் குழைத்துவிடும். எண்ணெய் விடாமல், சிறு தீயில், கை எடுக்காமல் கிளற வேண்டும். தொலி உரிந்த இடங்களில் வெள்ளைப் பருப்பு பொன்னிறமாகி, மணம் அடுப்படி தாண்டி வந்ததும் இறக்கிவிடலாம். அதற்கு மேல் ஒரு நிமிடம் விட்டாலும் கசக்கும்.

கழுவிய உளுந்து கொதிநீரில் பாதி வெந்த பிறகு அரிசி, முழுப் பூண்டுப் பற்கள், கொஞ்சம் வெந்தயம், சீரகம், உப்பு. தேங்காய்த் துருவல் கடைசியில். குக்கரில் எல்லாவற்றையும் ஒன்றாகவே போடுகிறார்கள். தொலி நீக்கிய வெள்ளை உளுந்தில் செய்தால் பார்வைக்கு அழகு. ஆனால் சாம்பல் நிறமும் மண்வாசமும் போய்விடும், நார்ச்சத்தும் குறையும். அதை உளுந்தஞ்சோறு என்று சொல்ல மனம் வருவதில்லை.

உளுந்தில் ஏறக்குறைய கால் பங்கு புரதம். அரிசியில் குறைவான லைசின் உளுந்தில் நிறைய உண்டு. உளுந்தில் குறைவான மெத்தியோனினை அரிசி ஈடுகட்டும். இத்தாலியக் குடியானவர்களின் 'பாஸ்தா எ ஃபஜோலி'யிலும் இதே பொருத்தம்தான்: கோதுமைப் பாஸ்தாவும் பீன்ஸும் ஒரே சட்டியில். அந்த பீன்ஸ் 16-ஆம் நூற்றாண்டில்தான் அமெரிக்காவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது. உளுந்து நம் மண்ணிலேயே பிறந்த பயிர்.

வயசுக்கு வந்த பெண்ணுக்கு இடுப்புக்குப் பலம் என்று கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்த உளுந்தங்களியோடு இந்தச் சோற்றையும் கொடுப்பார்கள். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். கறி சாப்பிடும் வீடுகளில் கோழிக்குழம்பு. குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியில் ஆவி பறக்க உண்பதே சுகம். ஆறினால் கட்டியாகிவிடும், வெந்நீர் தெளித்து மூடி, சிறு தீயில் வைத்தால் மறுபடி இளகும்.