கரி பூசிய கதை

நெதர்லாந்து நாட்டில் டிசம்பர் மாதத்துப் பகல், பகல் என்ற பெயருக்கே பொருந்தாத பகல். காலை எட்டரை மணிக்குத்தான் கதிரவன் தலை காட்டுவான். மாலை நான்கரை மணிக்கெல்லாம் மறைந்து விடுவான். இடைப்பட்ட நேரத்திலும் மேகமும் மழையும் ஈரக்காற்றுந்தான். இருள் மிகுந்த அந்த நாட்களில், அந்நாட்டுக் குழந்தைகளின் உள்ளத்தில் ஒளியேற்ற ஒரு விழா வருகிறது. டிசம்பர் 5-ஆம் நாள் மாலை அதன் உச்சம். பள்ளிகளிலோ, மூன்று வாரங்களுக்கு முன்பே அது தொடங்கி விடுகிறது.

குழந்தைகள் தம் காலணிகளை வகுப்பறையில் வரிசையாக வைக்கிறார்கள். பாட்டுப் பாடுகிறார்கள். பிறகு வந்து பார்த்தால் காலணிக்குள் இனிப்பு! இலவங்கப்பட்டையும் கிராம்பும் மணக்கும் சின்னஞ்சிறு ரொட்டிகள். அவரவர் பெயரின் முதலெழுத்து வடிவில் வார்த்த சாக்லேட். மேல் வகுப்புப் பிள்ளைகள் சீட்டெடுத்து, எவர் பெயர் வருகிறதோ அவருக்காகத் தம் கையாலேயே ஒரு பரிசுப் பொருள் செய்து, கேலியும் கிண்டலுமாக ஒரு கவிதையும் எழுதிச் சேர்க்கிறார்கள். கடைசியில், சிவப்பு அங்கியும் உயர்ந்த தொப்பியும் வெண்தாடியும் வளைந்த கோலுமாக முதியவர் ஒருவர் பள்ளிக்கே வருகிறார். அவர்தான் சின்டர்கிளாஸ் — புனித நிக்கோலாஸ்.

குழந்தைகள் குதூகலிக்கும் விழா. அந்தக் குதூகலத்தைக் குறை கூற நமக்கு மனம் வருமா? வராது. வரவும் கூடாது.

ஆனால், முதியவருக்குப் பின்னால் ஒருவன் குதித்துக் குதித்து வருகிறானே, அவன் யார்?

முகமெல்லாம் கருமை. உதட்டிலே தடித்த சிவப்புச் சாயம். தலையிலே சுருட்டை மயிர்த் தொப்பி. காதிலே பொன் வளையம். பட்டுச் சட்டை, இறகு வைத்த குல்லாய். எசமானர் குதிரைமேல் வர, இவன் மூட்டை சுமந்து நடந்து வருவான். எசமானர் அறிவோடு பேச, இவன் உளறுவான்; பல ஆண்டுகள், கொச்சையான டச்சு மொழியில், சுரினாம் நாட்டுக் கறுப்பரின் பேச்சைப் பழித்துக் காட்டும் தொனியில் உளறினான். குறும்பு செய்யும் பிள்ளைகளைக் கோணிக்குள் போட்டுக் கட்டி ஸ்பெயின் நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று சொல்லிப் பயமுறுத்தவும் இவனே பயன்பட்டான். இவன் பெயர் 'கறுப்பு பீட்'. வெள்ளையர்தாம் முகத்தில் கருமை பூசிக்கொண்டு இவனாக வேடமிட்டனர்.

"ஏன் இவன் கறுப்பாக இருக்கிறான்?" என்று குழந்தை கேட்டால், பெரியவர்களிடம் பதில் தயாராக இருந்தது. "புகைக்கூண்டு வழியாக இறங்கிப் பரிசு வைக்கிறான் அல்லவா, அதனால் கரி ஒட்டிக்கொண்டது!"

சரி, ஒப்புக்கொள்வோம். புகைக்கூண்டுக் கரி முகத்திலே ஒட்டியது. அவன் அணிந்திருக்கும் பட்டுச் சட்டையில் ஏன் ஒட்டவில்லை? கரி உதட்டைத் தடிக்கச் செய்யுமா? கரி தலைமயிரைச் சுருட்டுமா? காதிலே பொன் வளையம் மாட்டுமா? குழந்தை இத்தனை கேள்விகள் கேட்பதில்லை. கேட்கக் கற்றுத் தந்திருந்தால் கேட்டிருக்கும்.

எத்தனை ஆண்டுப் பழமை?

"இது எங்கள் பழமை, பாட்டன் பூட்டன் காலத்து மரபு, கை வைக்காதீர்கள்!" என்று அந்நாட்டில் பலர் முழங்கினர். பழமை என்றால் பணிந்துவிட வேண்டும் என்பது எல்லா நாட்டிலும் கேட்கும் குரல்தான். வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்ப்போம்.

நிக்கோலாஸ் என்பவர், இன்று துருக்கியாக உள்ள நாட்டில், மைரா என்னும் ஊரில் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறித்தவ ஆயர் என்பது மரபு. அவருடைய எலும்புகளை 1087-இல் இத்தாலியின் பாரி நகரத்தார் கவர்ந்து சென்றனர். அவர் புகழ் ஐரோப்பாவெங்கும் பரவியது. அவர் நினைவு நாளான டிசம்பர் 6-ஐ ஒட்டிக் குழந்தைகளுக்குப் பரிசளிக்கும் வழக்கம் வளர்ந்தது. பின்னர் நெதர்லாந்தில் சீர்திருத்தக் கிறித்தவம் வென்றபோது, புனிதர் வணக்கம் கூடாது என்று கூறி, பல நகர மன்றங்கள் இவ்விழாவுக்குத் தடை போட்டன. தெருவில் தடைப்பட்ட விழா வீட்டுக்குள் புகுந்து பிழைத்துக்கொண்டது.

அப்படிப் பிழைத்த விழாவை, 1665-க்கும் 1668-க்கும் இடையில் யான் ஸ்டேன் என்னும் ஓவியர் தீட்டி வைத்தார். ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் அந்த ஓவியம் இருக்கிறது. சிறுமி ஒருத்தி பொம்மையை மார்போடு அணைத்து நிற்கிறாள். அண்ணன் அழுகிறான், அவன் காலணிக்குள் கிடைத்தது பரிசு அல்ல, பிரம்பு! இளையவன் ஒருவன் அவனைப் பார்த்துச் சிரிக்கிறான். பாட்டி பின்னால் நின்று கையசைத்துக் கூப்பிடுகிறாள். காலணி இருக்கிறது, இனிப்பு இருக்கிறது, புகைக்கூண்டைக் காட்டும் கைகூட இருக்கிறது.

கறுப்பு பீட் எங்கே? இல்லை!

அவன் புகழ்பெறத் தொடங்கியது 1850-இல். அந்த ஆண்டு 'புனித நிக்கோலாசும் அவர் பணியாளும்' என்ற படக்கதை நூல் வெளிவந்தது. முதியவர் ஸ்பெயினிலிருந்து கப்பலில் வருகிறார். அதுவும் அக்காலத்துப் புதுமையான நீராவிக் கப்பலில்! உடன் ஒரு கறுப்புப் பணியாள், பெயர்கூட இல்லாமல். பீட் என்ற பெயர் நிலைத்தது பின்னால். நூல் பதிப்புக்கு மேல் பதிப்பாக விற்றது. படங்கள் மாறின, பாத்திரம் நிலைத்தது.

அந்த நூலை எழுதியவர் யார்? அரசரா? ஆயரா? அல்லர். யான் ஸ்கென்க்மன் என்னும் ஆம்ஸ்டர்டாம் பள்ளி ஆசிரியர்!

நானும் ஒரு பள்ளி ஆசிரியன். ஆகவே அந்தப் பெயரைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்று தைத்தது. பிள்ளைகளை மகிழ்விக்க வேண்டும் என்றுதான் அந்த மனிதர் பேனா எடுத்திருப்பார். தீய எண்ணம் இருந்தது என்று நாம் சொல்லத் தேவையில்லை. தீய எண்ணம் இல்லாமலேயே தீங்கு செய்ய முடியும் என்பதுதானே ஆசிரியத் தொழிலின் ஆபத்து!

கறுப்பன் ஏன் பணியாளானான்?

1850-இல் ஓர் ஆசிரியர் பணியாள் ஒருவனைக் கற்பனை செய்யும்போது அவனைக் கறுப்பனாக வரைவது ஏன் அத்தனை இயல்பாகத் தோன்றியது?

அன்று டச்சுக் கொடி பறந்த சுரினாமில், கரும்பும் காப்பியும் கொக்கோவும் பருத்தியும் விளைந்த தோட்டங்களில், ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக உழைத்துக்கொண்டிருந்தனர். அடிமை முறையைச் சட்டப்படி ஒழிக்க 1863-ஆம் ஆண்டு சூலை 1-ஆம் நாள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நூல் வெளிவந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து! அன்றும் இழப்பீடு யாருக்குக் கிடைத்தது? சுரினாமில் அடிமை ஒருவருக்கு 300 கில்டர் வீதம் எசமானர்களுக்கு! உழைத்து உருக்குலைந்தவருக்கு ஒரு காசும் இல்லை. மேலும் பத்தாண்டு, 1873 வரை, அரசின் மேற்பார்வையில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்க வேண்டும் என்ற கட்டளைதான் அவர்களுக்குக் கிடைத்தது.

அதற்கும் முன்பு, பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில், செல்வச் செருக்கு மிகுந்த ஐரோப்பியக் குடும்பங்கள் தம் உருவப்படங்களில் கறுப்புச் சிறுவன் ஒருவனையும் சேர்த்து வரையச் செய்தன. நாய்க்குட்டி, பட்டுத் திரை, வெள்ளிக் கிண்ணம், கறுப்புச் சிறுவன்! பட்டுடையும் காதணியுமாக அவன் ஓர் அணிகலன். கறுப்பு பீட்டின் உடையையும் காது வளையத்தையும் பார்ப்பவர்க்கு அந்தப் படங்கள் நினைவுக்கு வராமல் இரா.

தோழர்களே, இது எங்கோ குளிர் நாட்டுக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் கோட்டை கட்டியது. 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பறித்தது. அடுத்த ஆண்டே தஞ்சைத் தரணியைப் பஞ்சம் பிடித்தது. 1659 முதல் 1661 வரை, ஒரு பிடி சோற்றுக்காகத் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்ற தமிழர் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றப்பட்டனர். இலங்கைக்கும், இன்று சகார்த்தா எனப்படும் பட்டேவியாவுக்கும் அடிமைகளாகச் சென்றனர். சின்டர்கிளாஸ் ரொட்டியில் மணக்கிறதே இலவங்கப்பட்டை, அது அந்தக் கம்பெனி இலங்கையிலிருந்து அள்ளிச் சென்ற சரக்கு. காலணிக்குள் இருக்கும் இனிப்புக்கும் நம் கடற்கரைக்கும் நடுவே இப்படி ஒரு கண்ணீர்க் கோடு ஓடுகிறது.

வகுப்பறையில் இருந்த குழந்தை

1975-இல் சுரினாம் விடுதலை பெற்றது. அதையொட்டிய ஆண்டுகளில் ஏராளமான சுரினாம் மக்கள் நெதர்லாந்தில் குடியேறினர். அவர்கள் பிள்ளைகள் அந்நாட்டுப் பள்ளிகளில் சேர்ந்தனர். இப்போது அந்த வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். கறுப்பு பீட் உள்ளே குதித்து வருகிறான். எல்லாப் பிள்ளைகளும் கை தட்டுகிறார்கள். பிறகு? எல்லாக் கண்களும் மெல்லத் திரும்புகின்றன, நாலாவது வரிசையில் இருக்கும் அந்தக் கறுப்புக் குழந்தையின் பக்கம்!

பாடநூலில் "எல்லோரும் சமம்" என்று படித்த குழந்தைக்கு, விழா வேறொரு பாடம் நடத்திவிட்டது. பாடநூலைக் குழந்தை மறந்துவிடும். விழாவை மறக்காது.

எதிர்ப்புக் குரல் பல ஆண்டுகளாக எழுந்தும் அமுங்கியும் வந்தது. 2011 நவம்பரில் டோர்ட்ரெக்ட் நகரில், சின்டர்கிளாஸ் ஊர்வலத்தின்போது, குவின்சி காரியோ, ஜெர்ரி அஃப்ரியே என்னும் இருவர் கறுப்பு பீட் இனவெறி என்று எழுதிய சட்டை அணிந்து நின்றனர். எழுத்துத்தான், கல் அல்ல, கத்தி அல்ல. போலீசார் அவர்களைப் பிடித்து இழுத்துச் சென்றனர். 2014-இல் கௌடா நகர் ஊர்வலத்தில் இருதரப்பிலுமாகத் தொண்ணூறு பேர் கைதாயினர். 2017-இல், டொக்கும் நகருக்கு எதிர்ப்பாளர்கள் சென்ற பேருந்துகளை, விழாவின் காவலர்கள் எனத் தம்மை எண்ணிக்கொண்டோர் நெடுஞ்சாலையிலேயே மறித்தனர். மறித்தவர்களை நீதிமன்றம் பின்னர் தண்டித்தது.

"குழந்தைகள் விழாவில் அரசியலைக் கலக்கலாமா?" என்று கேட்டனர் பெரியவர்கள். குழந்தைகளையே கேட்டுப் பார்ப்போம் என்றார் ஒருவர். குழந்தைகளின் உரிமையைக் காக்க அந்நாட்டில் அமைந்த பதவியில் இருந்த மார்கிரிட் கால்வர்பூர், பிள்ளைகளிடம் பேசினார். 2016-இல் தம் முடிவை வெளியிட்டார்: கறுப்பு பீட் கேலிக்கும் ஒதுக்கலுக்கும் பாகுபாட்டுக்கும் இடந்தரக்கூடியவன், ஆகவே குழந்தைகள் உரிமை பற்றிய உலக ஒப்பந்தத்துக்கு மாறானவன், அவனை மாற்ற வேண்டும்.

மாற்றினர். மெல்ல மெல்ல மாற்றினர். பல பள்ளிகள் கருமைப் பூச்சையும் சுருட்டை மயிர்த் தொப்பியையும் காது வளையத்தையும் கைவிட்டன. 2019-இல், தொலைக்காட்சியில் நாடே பார்க்கும் வரவேற்பு விழாவில், கன்னத்தில் இரண்டொரு கரித் தீற்றல் மட்டும் உள்ள பீட்டுகள் வந்தனர். புகைக்கூண்டுக் கதையை விரும்பினால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கரி கரியாகவே இருக்கட்டும்! 2013-இல், பீட் கறுப்பன்தான், அதை மாற்ற என்னால் ஆகாது என்ற கருத்தில் பேசிய தலைமை அமைச்சர் மார்க் ருட்டே, 2020-இல் தம் எண்ணம் மாறிவிட்டதாக நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2022 டிசம்பர் 19-இல் அடிமை வாணிபத்துக்காக அரசின் சார்பில் மன்னிப்பும் கேட்டார். 2023 சூலை 1-இல் மன்னரே மன்னிப்புக் கேட்டார்.

கருமை போனதால் விழா செத்ததா? இல்லையே! காலணி அப்படியே இருக்கிறது. இனிப்பு அப்படியே இனிக்கிறது. சீட்டெடுத்துக் கவிதை எழுதும் குறும்பும் இருக்கிறது. போனது ஒன்றே ஒன்று: ஒரு குழந்தையின் தலைகுனிவு.

நாம் கற்க வேண்டியது

விழாக்களை வெறுப்பது பகுத்தறிவு அல்ல. இருண்ட பருவத்தில் கூடி மகிழ்வது மனித இயல்பு. குழந்தைகளுக்கு அது உணவு போலத் தேவை. ஆனால், பள்ளி என்பது விழா நடத்தும் பந்தல் மட்டுமல்ல. விழாவை விளக்கும் இடமும்கூட. ஒரு விழா பள்ளிக்குள் நுழையும்போது, அதன் வரலாறும் உடன் நுழைய வேண்டும்.

அதற்கு மூன்று கேள்விகள் போதும். இது எப்போது தொடங்கியது? இதைச் செய்தவர் யார்? இதில் எவன் குதிரைமேல் வருகிறான், எவன் மூட்டை சுமக்கிறான்?

முதற் கேள்வி, என்றென்றும் உள்ளது என்ற மயக்கத்தை உடைக்கும். இரண்டாவது, வானத்திலிருந்து இறங்கியது என்ற மயக்கத்தை உடைக்கும். மூன்றாவது கேள்வியைத்தான் பெரியவர்கள் அஞ்சுவார்கள். குழந்தைகள் அஞ்ச மாட்டார்கள்.

கேட்கும் துணிவு பெற்ற பிள்ளை விழாவை இழப்பதில்லை. அடுத்த ஆண்டு விழா வரும்போது, நாலாவது வரிசையில் இருக்கும் தோழனின் கையையும் பிடித்துக்கொண்டு பாடப் போகிறது, அவ்வளவுதான்.

1850-இல் ஓர் ஆசிரியர் எழுதிய ஒரு சிறு நூல், ஒரு நாட்டின் பிள்ளைகளை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் தவறாகப் பார்க்கப் பழக்கியது. ஆசிரியரின் கைக்கு அத்தனை வலிமை உண்டு! அந்தக் கையில் இன்று சாக்பீசைப் பிடித்திருப்பவர் நாம். எழுதுவதற்கு முன் ஒரு கணம் நின்று, வகுப்பறையின் எல்லா வரிசைகளையும் பார்த்துவிட்டு எழுதுவோம்.