முதலில் போலீஸா, நுகர்வோர் கோர்ட்டா? ஆஸ்பத்திரி வழக்குகளின் கதை

சேலத்தில் ஜி.ஹெச். என்றால் எல்லோருக்கும் தெரியும். முழுப்பெயரைச் சொன்னால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள்: அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயருக்கு உரியவர் டாக்டரே இல்லை. திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் வந்தவர். இங்கிலாந்தில் பாரிஸ்டர் படித்து, சென்னை மாநிலத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்து, பிறகு மத்திய அமைச்சரானவர். 1973ல் டெல்லி அருகே நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். ஆக, ஒரு வக்கீலின் பெயரைத் தாங்கி நிற்கும் ஆஸ்பத்திரி!

ஆனால் சேலத்திலோ நாமக்கல்லிலோ அப்பாவையோ அம்மாவையோ ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, "இங்கே ஏதோ தப்பு நடந்திருக்கு" என்று சந்தேகப்படும் பிள்ளைக்கு, வக்கீலிடம் போய் என்ன கேட்பது என்றே தெரிவதில்லை. நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் கால் போகிறது.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு எல்லாம் லாரியும் ரிக் வண்டியும் ஓடுகிற ஊர்கள். எட்டாவது தாண்டாத கிளீனருக்குக்கூட எம்.சி.ஓ.பி. கேஸ் என்றால் என்ன, தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் என்றால் என்ன, வூண்ட் சர்டிபிகேட் யாரிடம் வாங்க வேண்டும் என்று தெரியும். விபத்து வழக்கில் எஃப்.ஐ.ஆர். நகல்தான் முக்கியமான ஆதாரம். முதலில் அது, மற்றதெல்லாம் பிறகு. அந்தப் பழக்கத்தை அப்படியே ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ரோட்டில் திறக்கிற கதவு ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் திறப்பதில்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் பஞ்சாப் வரை போய் வர வேண்டும்.

1995 பிப்ரவரி 15. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவரைத் தனி அறையில் சேர்க்கிறார்கள். அவருக்குப் புற்றுநோய், முற்றிய நிலை. 22ஆம் தேதி இரவு சுமார் 11 மணிக்கு மூச்சுத் திணறல் வருகிறது. உடனிருந்த மூத்த மகன் நர்ஸைக் கூப்பிடுகிறார், நர்ஸ் டாக்டரைத் தேடுகிறார். இருபது இருபத்தைந்து நிமிடம் யாரும் வரவில்லை. பிறகு இரண்டு டாக்டர்கள் வந்து ஆக்சிஜன் மாட்டுகிறார்கள். திணறல் குறையவில்லை, இன்னும் கூடுகிறது. பார்த்தால் சிலிண்டர் காலி! அறையில் வேறு சிலிண்டர் இல்லை. மகனே பக்கத்து அறைக்கு ஓடிப்போய் ஒன்றைத் தூக்கிவருகிறார். அதை மாட்டி ஓட வைப்பதற்கான ஏற்பாடு இல்லாமல் ஐந்தாறு நிமிடம் போகிறது. அதற்குள் இன்னொரு டாக்டர் வந்து, உயிர் போய்விட்டது என்கிறார்.

இது இளைய மகன் போலீஸில் கொடுத்த புகாரில் உள்ள கதை. இந்தியத் தண்டனைச் சட்டம் 304 ஏ, அதாவது அஜாக்கிரதையால் மரணம் என்ற பிரிவில் வழக்குப் பதிவானது. லாரி மோதி ஆள் இறந்தால் டிரைவர் மேல் போடும் அதே பிரிவுதான். டாக்டர்கள் வழக்கை ரத்து செய்யக் கோரி ஹைகோர்ட்டுக்குப் போனார்கள், அங்கே நடக்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2005 ஆகஸ்ட் 5 அன்று, தலைமை நீதிபதி லஹோத்தி அமர்வு, டாக்டர்கள் மேலிருந்த கிரிமினல் வழக்கை ரத்து செய்தது. இதுதான் புகழ்பெற்ற ஜேக்கப் மேத்யூ வழக்கு.

தீர்ப்பில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மகன் சொல்வது பொய் என்று கோர்ட் சொல்லவே இல்லை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், சிலிண்டர் இல்லாமல் போனது ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் குறை. அதற்கு ஆஸ்பத்திரி சிவில் சட்டப்படி ஒருவேளை பொறுப்பாகலாம் (அதைப் பற்றிக் கருத்து எதுவும் சொல்லவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்கள்). ஆனால் இந்த டாக்டர்களைக் கிரிமினல் குற்றவாளி ஆக்க முடியாது என்றது கோர்ட். டாக்டரை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டுமானால் சாதாரண அஜாக்கிரதை போதாது, படுமோசமான அஜாக்கிரதை வேண்டும். போலீஸும் சுதந்திரமான ஒரு டாக்டரிடம், முடிந்தால் அரசு டாக்டரிடம், கருத்துக் கேட்ட பிறகே மேலே போக வேண்டும். வழக்கமாகச் செய்வதுபோல் கைதும் செய்யக் கூடாது.

பத்து வருஷம்! கையில் இருந்த உண்மை குறையவில்லை, தட்டிய கதவுதான் வேறு. (304 ஏ இப்போது இல்லை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106வது பிரிவு. அஜாக்கிரதையால் மரணம் என்றால் மற்றவர்களுக்கு ஐந்து வருஷம் வரை சிறை, சிகிச்சையின்போது என்றால் பதிவு பெற்ற டாக்டருக்கு இரண்டு வருஷம் வரை.)

சரி, இன்னொரு கதவு எது? அது பி.காம் மாணவர்கள் பிசினஸ் லா பேப்பரில் ஐந்து மார்க் கேள்வியாக மனப்பாடம் செய்யும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1986ல் வந்தபோது மிக்ஸி, பிரஷர் குக்கர், போஸ்டல் ஆர்டர் மாதிரி விஷயங்களுக்கு என்றுதான் பலரும் நினைத்தார்கள். நோயாளி எப்படி நுகர்வோர் ஆவான்? டாக்டர்கள் கொதித்துப் போனார்கள். 1992ல் தேசிய நுகர்வோர் ஆணையம் ஒரு திருவனந்தபுரம் வழக்கில் சிகிச்சையும் சேவைதான் என்றது. நம் மெட்ராஸ் ஹைகோர்ட் 1994ல் நேர் எதிராக, டாக்டர் நோயைக் கண்டறிந்து மருந்து கொடுப்பது இந்தச் சட்டப்படி சேவை ஆகாது, நோயாளி நுகர்வோர் ஆக மாட்டார் என்று தீர்ப்புச் சொன்னது. 1995 நவம்பர் 13 அன்று சுப்ரீம் கோர்ட், இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் மெட்ராஸ் தீர்ப்பைத் தள்ளிவிட்டு, காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை சேவைதான் என்று முடித்து வைத்தது.

அந்தத் தீர்ப்பில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதை சேலத்துக்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் இலவசமாகவே பார்க்கும் ஆஸ்பத்திரி சட்டத்துக்கு வெளியே. ஓ.பி. சீட்டுக்கு வாங்கும் சின்னத் தொகை கணக்கில் வராது. ஆனால் சிலரிடம் காசு வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடம் என்றால், அங்கே இலவசமாகப் படுத்திருப்பவரும் நுகர்வோர்தான். பணத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டினாலும் சரி, வேலை செய்யும் கம்பெனி கட்டினாலும் சரி. அதாவது அப்பா எந்தப் படுக்கையில் படுத்தார், அந்தக் கட்டடத்தில் யாராவது பில் கட்டினார்களா என்பதை வைத்துக் கதவு மாறுகிறது. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் தோன்றும். ஏழைக்குத்தான் மலிவான, வேகமான கதவு தேவை. அவருக்கே அது மூடிக் கிடக்கிறது.

அவர் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம், அது எவ்வளவு காலம் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 1963 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் அன்றைய ஔரங்காபாத் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் முடிந்த ஒரு பெண்ணுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். வயிற்றுக்குள் ஒரு துணியை விட்டுத் தைத்துவிட்டார்கள். இரண்டு வாரத்தில் இறந்தார். கணவரும் பிள்ளைகளும் வழக்குப் போட்டார்கள். கீழ்க்கோர்ட் 36,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. ஆஸ்பத்திரி நடத்துவது அரசின் இறையாண்மைப் பணி, அதற்கு அரசு பொறுப்பில்லை என்று ஹைகோர்ட் தள்ளியது. சுப்ரீம் கோர்ட் அதை மாற்றி, அந்த 36,000ஐத் திரும்பக் கொடுத்தபோது வருஷம் 1996. தாயைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்கு 33 வருஷம் ஆகியிருந்தது.

தமிழ்நாட்டிலேயே அரசு ஆஸ்பத்திரிக்கு எதிராக ஜெயித்த பெரிய வழக்கு எழும்பூரில் 1996ல் குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தையுடையது. கண் பரிசோதனை செய்யத் தவறியதால் பார்வை போனது. தேசிய ஆணையம் கொடுத்த 5 லட்சத்தை 2015ல் சுப்ரீம் கோர்ட் சுமார் 1.8 கோடியாக உயர்த்தியது. காமர்ஸ் மாணவர்களுக்கு ஒரு தகவல்: எதிர்காலச் செலவுக்கு விலைவாசி உயர்வைச் சேர்க்க, தீர்ப்பில் கூட்டு வட்டி சூத்திரத்தையே எழுதிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இனி வக்கீல் அலுவலகத்துக்கு வருவோம். கோபத்தோடு போகிறவரிடம் வக்கீல் முதலில் கேட்பது "டாக்டர் பேர் என்ன?" என்று இருக்காது. "கேஸ் ஷீட் இருக்கா?" என்பதாகத்தான் இருக்கும். இருக்காது! டிஸ்சார்ஜ் சம்மரியும் மெடிக்கல் பில்லும்தான் மஞ்சள் பையில் இருக்கும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் வருஷ விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். மூன்று வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எழுத்தில் கேட்டு, கேட்டதற்கு அத்தாட்சி வாங்கி வைத்திருக்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கு வழக்குப் போட வேண்டும் என்றுகூட அவசியமில்லை.

அடுத்த கேள்வி, போஸ்ட்மார்ட்டம் நடந்ததா? "அப்பாவை அறுக்க வேண்டாம்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் மரணத்தின் காரணத்தை நிரூபிக்கப் பிறகு ரொம்பக் கஷ்டம்.

மூன்றாவது, தேதி. நுகர்வோர் வழக்குக்கு இரண்டு வருஷம்தான் கெடு. தாண்டினால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். முதல் வருஷம் திதி கொடுக்கும் வரை வீட்டில் யாரும் வக்கீல் பேச்சை எடுக்க மாட்டார்கள். அடுத்த வருஷம் பங்காளிகள் யோசனை சொல்வதிலேயே போய்விடும். போலீஸ் பின்னால் அலைந்தால் அதுவும் இதற்குள்தான் கழியும்.

ஒரு நல்ல மாற்றம் 2019 சட்டத்தில் வந்தது, 2020 ஜூலையில் அமலானது. முன்பெல்லாம் ஆஸ்பத்திரி எந்த ஊரிலோ, சம்பவம் எங்கே நடந்ததோ அங்கேதான் வழக்குப் போட வேண்டும். கோயம்புத்தூரில் அம்மாவைச் சேர்த்த ராசிபுரத்துக்காரர் கோயம்புத்தூருக்கே வாய்தாவுக்கு அலைய வேண்டும். இப்போது தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாமக்கல் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கோர்ட் கட்டணமும் கிடையாது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அங்கே பெண்களுக்கு வருமானக் கணக்கே பார்ப்பதில்லை. இறந்தவரின் மனைவியோ மகளோ போய்க் கேட்டால் இலவச வக்கீல் உண்டு.

இந்த 2019 சட்ட மசோதாவில் முதலில் இருந்த 'ஹெல்த்கேர்' என்ற சொல்லை டாக்டர்கள் எதிர்த்ததும் எடுத்துவிட்டார்கள். உடனே நாங்கள் வெளியே வந்துவிட்டோம் என்று வாதம். பம்பாய் ஹைகோர்ட் 2021ல் இல்லை என்றது, 2022ல் சுப்ரீம் கோர்ட்டும் அதில் தலையிடவில்லை.

கடைசியாக ஒரு கூத்து. 2024 மே மாதம் வேறொரு வழக்கில், வக்கீல்கள் செய்யும் வேலை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதே தீர்ப்பில், டாக்டர்களைச் சேர்த்த 1995 தீர்ப்பையும் மறுபடி பார்க்கலாம் என்று பெரிய அமர்வுக்கு அனுப்பி வைத்தார்கள். நவம்பரில் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து, அதற்குத் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆக, டாக்டர் மேல் நாமக்கல் ஆணையத்தில் இன்றும் வழக்குப் போடலாம். அந்த வழக்கைக் கோட்டைவிட்ட வக்கீல் மேல் அங்கே போட முடியாது. சிவில் கோர்ட்டுக்கோ பார் கவுன்சிலுக்கோதான் போக வேண்டும்.